அவங்ககிட்டயே சொல்லிக்கிறேன்

அம்மாவின் போன் அடித்தது.

அம்மா போய்ப் பதினெட்டு நாள். துக்கம் கேட்டவர்கள் எல்லாரும் மகளுடைய போனில்தான் கூப்பிட்டார்கள். இதில் யாரும் கூப்பிடவில்லை. அம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்கோடு விளக்காக மகள் அதை வைத்திருந்தாள். சார்ஜ் மட்டும் இறங்க விடவில்லை.

எடுத்தாள்.

“வணக்கம்மா, சென்னையிலேர்ந்து பேசறேன்.” ஒரு பெண். அறக்கட்டளையின் பெயரைச் சொன்னாள். “உங்க பொண்ணு பிலிப்பைன்ஸ் போக அப்ளிகேஷன் போட்டிருக்காங்கல்ல, அது விஷயமா. அம்மாதானே பேசறது?”

போனில் இருவருக்கும் ஒரே குரல். அத்தை எத்தனையோ முறை ஏமாந்து, அவளைப் பற்றிய புகாரை அவளிடமே சொல்லியிருக்கிறாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“ஆமா.”

ஆறு மாதம். கடலோரத்தில் அலையாத்திக் கன்று நடும் தன்னார்வ வேலை. தாவரவியல் படித்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் நிற்பவள், விண்ணப்பத்தை ஒரே மூச்சில் நிரப்பினாள். வீட்டார் சம்மதம் என்ற இடத்தில் எழுத அவளுக்கு ஒரே பெயர்தான் இருந்தது. போனில் கேட்டு உறுதிசெய்வோம் என்று அடியில் போட்டிருந்தது.

“பிச்சாவரத்துல இல்லாத சேறாடி அங்க இருக்கு?” என்றாள் அம்மா, அன்று.

“அனுப்புவியா, மாட்டியா? அதைச் சொல்லும்மா.”

“அவங்க போன் பண்ணட்டும். அவங்ககிட்டயே சொல்லிக்கிறேன்.”

வெங்காயம் நறுக்கக் குனிந்திருந்தாள். சிரித்தாளா, முறைத்தாளா, தெரியவில்லை.

போன் வருவதற்கு முன்னால் அம்மாவுக்கு மார்வலி வந்துவிட்டது.

வாய்க்கரிசிக்கு அரிசி எடுக்க டிரம்மில் கைவிட்டபோது விரலில் ஏதோ தட்டியது. அவளுடைய பாஸ்போர்ட். பாலித்தீன் பையில் சுற்றி அடியில் புதைத்திருந்தாள் அம்மா. கூடவே தில்லைக் காளி கோயில் குங்குமப் பொட்டலம்.

வீட்டுப் பத்திரமும் தோடும் அந்த டிரம்மில்தான் இருக்கும்.

பரீட்சை நேரத்தில் அவள் செல்போனை அம்மா ஒளித்துவைப்பதும் அதில்தான்.

“உங்க பொண்ணு இன்டர்வியூல ரொம்பக் கூச்சப்பட்டாங்கம்மா. எது கேட்டாலும் அம்மாவைக் கேட்டுச் சொல்றேன், அம்மாவைக் கேட்டுச் சொல்றேன். பேரைக் கேட்டாக்கூட உங்களைத்தான் கேப்பாங்க போல!”

அவள் மூக்கால் சிரித்தாள். அம்மாவின் சிரிப்பு. தானாக வந்தது.

“நேராவே கேக்கறேம்மா. இன்னிக்கு லிஸ்ட் முடிக்கிறோம். அவ்ளோ தூரம் தனியா அனுப்ப உங்களுக்குச் சம்மதமா? நீங்க சரின்னாத்தான் அனுப்புவோம். வேணாம்னாலும் சொல்லிடுங்க, தப்பே இல்ல.”

ஒரு சொல் போதும். அம்மாவின் குரல் அவள் தொண்டையிலேயே இருந்தது.

அம்மாவின் சொல் மட்டும் இல்லை.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அம்மா? லைன்ல இருக்கீங்களா?”

அவளும் காத்திருந்தாள்.