வாசிக்கப்பட்ட பெயர்

2012 டிசம்பர் 8, சனிக்கிழமை, காலை எட்டரை மணி. வெளிறிய வானம், ஆற்றுப் பக்கமிருந்து குளிர்காற்று.

கம்போடியாவின் புனோம் பென்னில் நடன வரலாற்று ஆய்வாளர்களின் ஆண்டுக் கூட்டம் தொடங்கவிருந்தது. செயலாளர் தியாவி மேடையோரம் நின்று பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வரிசையில், வழக்கமான நாற்காலியில், அவளுடைய அப்பா சரிம்.

ஒருகாலத்தில் அரண்மனையில் ஆடிய சொக்கோம் அவரைக் கடக்கையில் நின்றாள். "ஏண்ணே, வருஷா வருஷம் இங்க வந்து கண்ணை மூடிக்கிறீங்களே, வீட்டுல கட்டில் உடைஞ்சு போச்சா?"

"உங்க கட்டுரைக்கு வர்ற தூக்கம் கட்டில்ல வராதும்மா."

தியாவி ஒலிவாங்கியின் முன் வந்தாள். பொல்போட் காலத்தில் காணாமற்போன அரண்மனை நடனக்காரிகளுள், முடிவு தெரியாதவர்களின் பெயர்களை வாசிப்பதே முதல் நிகழ்ச்சி. இறந்தது உறுதியானால் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும். படம், மறைந்த ஆசான்களை வணங்கும் குருபீடத்துக்குப் போகும். உயிரோடிருக்கக்கூடும் எனில், அவர் படத்தின்முன் எவரும் ஊதுவத்தி ஏற்றுவதில்லை.

"மியாஸ் மாலிஸ்" என்று வாசித்தாள்.

அவளுடைய அம்மா. பிரிந்தபோது தியாவிக்கு மூன்று வயது. கட்டாய வேலைப்படையோடு போனவள் திரும்பவில்லை என்பது மட்டுமே அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

வீட்டில் அந்தப் பெயரை இருவரும் உச்சரித்ததில்லை. நடனக்காரியின் குடும்பம் என்று தெரிந்தால் உயிர் தங்காது என்றிருந்த நாளில் பழகிய மௌனம், ஆட்சி மாறிய பின்னும் கலையவில்லை.

குடும்பத்தார் கையெழுத்திட்டால்தான் பெயரை நீக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் குழு சரிமிடம் படிவத்தை நீட்டும். ஒவ்வோர் ஆண்டும் அவர் அதை வெறுமையாகவே திருப்பித் தருவார். குழுவினர் சலித்துக்கொள்வர்.

தியாவி சலித்ததில்லை. அப்பா காத்திருக்கும்வரை அவளும் காத்திருக்கலாம். அறிமுகமில்லாத அறுபது வயதுப் பெண் எவளேனும் மண்டபத்தினுள் நுழைந்தால், நடனக்காரிகளுக்கே உரிய பின்வளைவு உண்டா என்று, இன்றும் அவள் முதலில் கைவிரல்களைத்தான் பார்ப்பாள்.

பெயர்கள் முடிந்ததும் தலைவர் எழுந்தார். நேரப் பற்றாக்குறை காரணமாக அடுத்த ஆண்டு முதல் பட்டியல் வாசிக்கப்படாது; திரையில் காட்டப்படும் என்றார்.

கைதட்டினார்கள்.

தேநீர் இடைவேளையில் சரிம் மேடையருகே வந்தார்.

"அந்தத் தாளைக் குடும்மா."

தியாவி கோப்பையைக் கீழே வைத்தாள். "இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்பா. தாய்லாந்துப் பக்கம் தப்பிப் போனவங்க எத்தனையோ பேர்..."

அவர் மேசை விளிம்பில் குனிந்தார். 'காலமானார்' என்பதற்கு நேரே குறியிட்டார்.

நாள், இடம் என்ற கட்டங்களை அவர் விட்டுவிடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். எல்லாக் குடும்பங்களும் விட்டுவிடுவதே வழக்கம்.

அவர் விடவில்லை. 1976, நெல் அறுப்புக் காலம், பௌர்ணமி. மோங் ருஸ்ஸேய், கால்வாயின் கிழக்குக் கரை, இரட்டைப் பனையின் அடியில்.

"இதை யாருப்பா சொன்னாங்க?"

"யாரும் சொல்லலம்மா. குழி வெட்டினது நான்தான்."

பின்னால் யாரோ சர்க்கரை கேட்டார்கள்.

"அப்ப இத்தனை வருஷமா...?"

சரிம் கையெழுத்திட்டார். மை உலரும்வரை ஊதினார்.

"உன் வாயால அவ பேரைக் கேக்க, எனக்கு வேற இடம் ஏதும்மா?" என்றார்.

தாளை மகளிடம் கொடுத்தார்.