இன்றைய காந்தம்

"ஆயிரம் வருஷத்துப் பானை ஓட்டுல இன்னைக்கு இருக்கிற காந்தம் எப்படி அத்தை வரும்?"

உடைந்த மண்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பி நின்றாள் மதிவதனி.

"என்னைக் கேட்டா? சட்டியைக் கேளு," என்றாள் மாமியார் ரேணுகாம்பாள், கீரை ஆய்ந்தபடி. "ஊர்ல மருமகளுங்க சட்டியில குழம்பு வைக்கிறாளுங்க. இங்க ஆராய்ச்சி வைக்கிறா."

மதிவதனிக்கு இது பழகிப்போன பாட்டு.

"சுட்ட மண்ணு ஆறும்போது, அன்னைக்குப் பூமியோட காந்தம் எவ்வளவோ அதை அப்படியே பிடிச்சு வச்சுக்கும் அத்தை. மறுபடி நெருப்புல பழுத்தாத்தான் மாறும். கீழ்பென்னாத்தூர்ல தோண்டின மத்த ஓடெல்லாம் பழைய காந்தத்தைக் காட்டுது. இது மட்டும் நேத்து சுட்ட மாதிரி காட்டுது. நான் அளந்ததே தப்புங்கிறார் புரொபசர். மொத்த ஆராய்ச்சியும் போயிடும்."

சட்டியை வெளிச்சத்தில் திருப்பினாள். விரிசலில் கருகிய மிளகாய் விதை.

"காசியம்மா, இங்க வா."

வீட்டு வேலை செய்யும் காசியம்மாள் துடைப்பத்தோடு வந்தாள்.

"கழுவி பால்கனியில காய வச்சிருந்தேனே, இந்தச் சட்டியில யாரோ கொட்டாங்கச்சி கொளுத்தி மிளகாய் போட்டிருக்காங்க. நீயா?"

"திருஷ்டியா?" ரேணுகாம்பாள் முந்திக்கொண்டாள். "கான்வென்ட்ல படிச்சவ வீட்ல இந்தக் கூத்தா? அறிவு வேணாம்?"

காசியம்மாள் ரேணுகாம்பாளைப் பார்த்தாள். ரேணுகாம்பாள் கீரையைப் பார்த்தாள்.

"நான்தான் சின்னம்மா," என்றாள் காசியம்மாள். "போன மாசம் பௌர்ணமிக்கு மலை சுத்திட்டு வந்து உங்களுக்கு ஜொரம் ஜாஸ்தியாச்சே. எவன் கண்ணு பட்டுச்சோன்னு, தூங்கும்போது சுத்திப் போட்டேன். உடைஞ்ச சட்டிதானேன்னு..."

கோபப்படுவதா, சிரிப்பதா? மதிவதனிக்குப் புரியவில்லை.

"அப்ப அந்த நெருப்புலதான் இன்னைக்குக் காந்தம் ஏறியிருக்கு. நான் அளந்தது சரிதான். முதல்லயே சொல்லியிருக்கலாமே காசியம்மா," என்றவள், புரொபசருக்குப் போன் போட்டபடி மாடிக்கு ஓடினாள்.

சமையலறையில் ரேணுகாம்பாள் காபியை ஆற்றி நீட்டினாள்.

வாங்கிக்கொண்ட காசியம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க சுத்திப் போட்டதை நான் பார்த்தேன்மா. மருமவ மேல அவ்ளோ பாசத்தை மனசுல வெச்சிக்கினு, வாயில மட்டும் ஏம்மா மிளகாயை வெச்சிக்கினு இருக்கீங்க?"