மூன்று நிமிஷ டிரங்க் கால்

"சாப்ட்டயாய்யா?"

போனில் முத்துத்தாய் கேட்டது பழங்காநத்தத்தில் பாதித் தெருவுக்குக் கேட்டது. நாகபுரிக்குக் கேட்டதா என்று அவளுக்குச் சந்தேகம். இன்னொரு தடவை கேட்டாள்.

"என்ன கொழம்பு? பருப்பா? தொட்டுக்கிற ஒண்ணுமில்லையா?"

சிவசங்கரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே முக்கால் நிமிஷம் போய்விட்டது.

தெருவில் அவர் வீட்டில் மட்டும்தான் போன். தந்தி ஆபீஸ் உத்தியோகத்துக்காக இலாகா கொடுத்தது. பால் ஊற்றும் முத்துத்தாயின் மகன் காசிமாயன் நாகபுரியில் முறுக்குக் கம்பெனியில் இருந்தான். இரண்டு ஞாயிறுக்கு ஒரு முறை டிரங்க் கால் போடுவான். மூன்றே நிமிஷம்.

இன்றைக்கு அவள் சொல்ல வந்த விஷயம் பெரியது. மகள் அன்னக்கொடியை அலங்காநல்லூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணன்காரன் சரி என்றால்தான் பேச்சை முடிக்க முடியும்.

"அங்கிட்டுக் குளுருதா? போர்வை இருக்கா? எண்ணெய் தேச்சுக் குளிய்யா. அப்புறம், நம்ம அன்னக்கொடிக்கு..."

லைன் போய்விட்டது.

"கடுதாசி எழுதித் தரட்டுமா?" என்றார் சிவசங்கரன்.

"வேணாம் சாமி. காகிதத்துல கேட்டா அவன் மனசு எனக்கு எப்பிடித் தெரியும்? வாயால கேக்கணும். மாப்பிள்ள வீட்டுல பதினஞ்சு நாள் பொறுக்கச் சொல்றேன்."

"அடுத்த தடவையும் இதே குழம்புதான் வைக்கப் போறே. இப்படி உக்காரு. இருபத்திரண்டு வருஷமா ஜனங்க அழுதுண்டே சொல்றதை எட்டு வார்த்தையில சுருக்கி அனுப்பறவன் நான். விஷயத்தை முதல்ல சொல்லு. ஒரே தடவை சொல்லு. பதிலை வாங்கு. போர்வை, எண்ணெய், பருப்பு இதெல்லாம் விஷயமே இல்லை."

"சாப்ட்டயான்னு கேக்குறதும் விசயமில்லையா சாமி?"

"சாப்பிடாமலா உயிரோட இருக்கான்?"

"கேட்டாத்தான் என்ன கெட்டுப்போச்சு?" என்றாள் அவர் மனைவி வாலாம்பாள், அடுக்களையிலிருந்து.

"நேரம்" என்றார் சிவசங்கரன். பதில்கூட ஒரே வார்த்தைதான்.

பதினைந்து நாளும் முத்துத்தாய் பால் செம்பைக் காதில் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தாள். அவர் மணி பார்த்துத் திருத்தினார்.

அந்த ஞாயிறும் வந்தது.

"காசி, ஆத்தா பேசுறேன். தங்கச்சிய அலங்காநல்லூர்ல கேக்குறாக. பையன் அரிசி மில்லுல இருக்கான். நல்ல குடும்பம். ஒனக்குச் சம்மதமா?"

கேட்டுக்கொண்டாள். "சரி. வச்சிர்றேன்."

நாற்பது விநாடி. சிவசங்கரனுக்கு மார்பு விம்மியது. தம் ஆபீஸில்கூட இவ்வளவு சுத்தமான வாசகத்தை அவர் கண்டதில்லை.

"சம்மதம்னுட்டான் சாமி." அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு நிமிசத்துக்கு மேல மிச்சம் கெடக்கே. அத என்ன செய்ய?"



புதன்கிழமை காலை. முத்துத்தாய் அவர் வீட்டு வாசலில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். கையில் பையும் தலையெல்லாம் ரயில் கரியுமாக ஒருவன் ஓட்டமும் நடையுமாக வந்தான். அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தான்.

"ஆத்தா, நல்லாத்தான இருக்க?"

"எனக்கென்னடா காசி? நீ ஏன் இம்புட்டுத் தூரம் வந்த? அலங்காநல்லூர் விசயந்தான் போன்லயே பேசிட்டமே?"

"அலங்காநல்லூரா? அங்க என்ன?"

சிவசங்கரனுக்குப் பொறுக்கவில்லை. "சம்மதம்னு சொன்னியேப்பா?"

"என்னமோ சொன்னேன் சாமி. ஒண்ணும் காதுல ஏறல. எடுத்ததும் சாப்ட்டயான்னு கேப்பா. அன்னைக்குக் கேக்கல. தந்தி அடிச்ச மாதிரி நாலு பேச்சு, அம்புட்டுத்தான். நம்ம வீடுகளுக்குத் தந்தி வந்தா என்ன அர்த்தம்னு ஒங்களுக்குத் தெரியாததா? ஆத்தாவுக்கு என்னமோ ஆயிப்போச்சு, மறைக்கிறாகன்னு அன்னைக்கே ரயிலேறிட்டேன்."

முத்துத்தாய் செம்பைக் கீழே வைத்தாள்.

"வழியில சாப்ட்டயாடா?"

"இல்ல ஆத்தா."

"ரெண்டு நாளாவா? கிறுக்குப்பய மகனே, வா வீட்டுக்கு. வந்ததும் நல்லதாப் போச்சு, மாப்பிள்ளைய நேர்லயே பாத்துட்டுப் போ."

மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மற்ற வீடுகளுக்கு அன்று பால் தாமதம்.

வாலாம்பாள் கணவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எட்டு வார்த்தையைவிட அது அவருக்கு நன்றாகக் கேட்டது.

அன்று சாயங்காலம் சிவசங்கரன் டில்லிக்கு டிரங்க் கால் பதிந்தார். மகன் சுப்பராமன் அங்கே சர்க்கார் வேலையில் இருந்தான். அவனிடம் பேச எப்போதும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்துக்கொள்வார். ஒன்று, இன்ஷூரன்ஸ். இரண்டு, வீட்டு வரி. மூன்று, பெரியப்பா ஷஷ்டியப்த பூர்த்தி. அவன் மூன்று 'சரிப்பா' சொல்வான். ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் போனதில்லை.

லைன் கிடைத்தது. சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பக்கத்தில் வந்து நின்ற வாலாம்பாளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"சுப்பு, சாப்பிட்டியாடா?"

மறுமுனையில் பேச்சே இல்லை.

"என்னடா, கேக்கறதா?"

"கேக்கறதுப்பா." என்றான் சுப்பராமன். "அம்மாவுக்கு என்ன ஆச்சு?"