ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன்

"டாக்டரம்மா, எம்பொண்ணு நெஞ்சுல ஒரு கோளாறும் இல்லன்னு எழுதிக் குடுங்க. வாங்காம நான் இந்த எடத்த வுட்டு நவுர மாட்டேன்."

மணியம்மாள் போட்ட சத்தத்தில் ஸ்கேன் அறை வாசலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் லில்லி அவளை உள்ளே அழைத்து நாற்காலியைக் காட்டினாள். அவள் உட்காரவில்லை. மகள் விஜயராணி கதவோரம் அழுதபடி நின்றாள்.

மடுகரையில் கல்யாணப் பத்திரிகை கொடுத்து முடித்தாகிவிட்டது. நேற்று பாகூர் மாப்பிள்ளை வீட்டார், பெண்ணுக்கு இதய நோய், மறைத்துவிட்டீர்கள் என்று கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரே பிள்ளைக்குப் போய் நோயாளியைக் கட்டுவோமா என்று தரகரிடம் கேட்டார்களாம். எல்லாம் இந்த டாக்டர் பேச்சைக் கேட்டு அந்தப் பாழாய்ப்போன மிஷினில் படுத்ததால் வந்த வினை.

லில்லி பொறுமையாக விளக்கினாள். இதயத் தசை இழை இழையாக ஓடுகிறது. அதற்குள் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை இந்த எம்.ஆர்.ஐ. காட்டும். இழைகள் ஒழுங்காக இருக்கின்றனவா, தாறுமாறாகக் கிடக்கின்றனவா என்று கத்தி வைக்காமலே தெரிந்துவிடும். நோயாளியின் இதயத்தோடு ஒப்பிட நல்ல இதயமும் வேண்டும். இங்கே லேபில் வேலை செய்யும் விஜயராணி அதற்குத்தான் சம்மதித்தாள்.

"அவ இதயம் தங்கமா இருக்கும்மா. எழுதியே தர்றேன்."

"எழுதிக் குடுத்தா மட்டும் நம்பிடுவாங்களா? நீலக் கவுன மாட்டிக்கினு, நெஞ்செல்லாம் ஒயரோட இவ உள்ள போனத கண்ணால பாத்துருக்காங்க!"

இப்போது லில்லிக்கே கோபம் வந்துவிட்டது. ஸ்கேன் எடுத்த அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய நாள், வேறு யாரையும் வாட்ச்மேன் உள்ளே விடவே இல்லை என்றாள். விஜயராணியைத் தவிர இருந்தது இதய நோயுள்ள ஒரு பையனும் அவனுக்குத் துணையாக வந்தவரும்தான்.

"அப்படி இருக்க, பாத்தேன்னு புளுகினது யாரு? பேரச் சொல்லுங்க."

"யாரா? மாப்ளயோட அம்மாதான். வராண்டாவுல உக்காந்துனு…"

மணியம்மாள் பாதியில் நிறுத்தினாள். லில்லி மேஜை மேலிருந்த அந்தப் பையனின் ஃபைலை அவசரமாக மூடினாள்.

மணியம்மாள் மெதுவாகச் செல்போனை எடுத்து பாகூருக்குப் போட்டாள்.

"எம்பொண்ணு நல்ல நெஞ்சக் காட்டத்தான் போனா. நீங்க யார் நெஞ்சக் காட்ட வந்தீங்க, சம்பந்தி?"