தவளை எலும்பு

"நீங்க நடத்துறது ஸ்கூலா, கசாப்புக் கடையா?"

பழைய பேப்பரில் சுற்றிய பொட்டலத்தை இரண்டு விரலால் பிடித்து வந்து தலைமையாசிரியரின் மேசைமேல் போட்டார் தியாகராசா. போட்ட கையைச் சட்டையில் துடைக்கவும் மனமில்லாமல் காற்றில் நீட்டியபடியே நின்றார்.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சைவக் குடும்பம். முட்டை சேர்த்த கேக்குகூட வாசல் தாண்டாத வீடு.

"உட்காருங்க மிஸ்டர் தியாகராசா. என்ன இது?" என்றார் தலைமையாசிரியர் இராமலிங்கம்.

"தவளை எலும்பு சார்! நேத்து என் ஒய்ஃப் கண்ணுல பட்டிருக்கு. யாருதுன்னு கேட்டா, பயாலஜி கிளாஸ்ல படம் வரையறதுக்கு நான்தான் எடுத்துட்டு வந்தேன்னு எங்க மீனலோசனி சொல்றா. அதுலேருந்து வீட்டுல அடுப்பே பத்த வைக்கல."

நான்காம் படிவ மாணவி மீனலோசனி கதவோரம் தலைகுனிந்து நின்றாள். அறிவியல், கணக்கு, கம்ப்யூட்டர் இந்த மூன்றைத் தவிர வேறெதையும் பெரிதாக மதிக்காத அந்தப் பள்ளியில் போட்டி போட்டு இடம் வாங்கியவள்.

"இன்னையோட அவளுக்குப் பயாலஜி வேணாம். கம்ப்யூட்டருக்கு மாத்துங்க. அதுல எலும்பு இல்ல, ரத்தம் இல்ல."

"அவ டாக்டராகணும்னு இருக்கா. பயாலஜி இல்லாம எப்படி முடியும்லா?"

"தவளையை வெட்டித்தான் டாக்டராகணும்னா, அந்த டாக்டரே வேணாம்."

"நாளைக்கு மனுசனை வெட்டணுமே?"

"மனுசனைத் தைச்சு வீட்டுக்கு அனுப்பலாம் சார். தவளையைத் தைச்சா அனுப்புறீங்க?"

இராமலிங்கம் பயாலஜி ஆசிரியைக்கு ஆள் அனுப்பினார்.

மிஸ் மார்க்கிரட் வந்து பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு எலும்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"சார், இது நம்ம லேப் எலும்பு இல்ல. தவளைப் பாடமே அடுத்த தவணைதான்."

"அப்ப இது என்ன?"

"கோழிக்கால். நல்லா பொரிச்சிருக்காங்க. மசாலாகூட ஒட்டியிருக்கு."



"மீனலோசனி!" இராமலிங்கத்தின் குரல் தடித்தது. "வெளியில கோழி தின்னுட்டு, பழியை ஸ்கூல் மேல போட்டியா? பொய் சொல்ற பிள்ளைக்கு இங்க இடம் கிடையாது, தெரியுமில்ல?"

"சாரி சார்."

தியாகராசா நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். நீட்டிய கை எப்போதோ மடிக்கு இறங்கியிருந்தது.

"விடுங்க சார். சின்னப் பிள்ளை. பசிச்சிருக்கும்."

"தவளைக்கு அந்தக் குதி குதிச்சீங்க. கோழிக்கு ஒண்ணுமே சொல்லலியே?"

"வளர்ற வயசு சார். மன்னிச்சு விட்டுடுங்க. பயாலஜியே படிக்கட்டும். நான் அவ அம்மாகிட்ட பேசிக்கிறேன்."

சொல்லிக்கொண்டே பொட்டலத்தை அவரே மடித்து எடுத்துக்கொண்டார், இந்த முறை முழுக் கையாலும்.

"நல்ல அப்பா," என்றார் மார்க்கிரட், அப்பாவும் மகளும் போன பிறகு. "பெத்த பிள்ளைக்காக எவ்வளவு இறங்கி வர்றாரு பாருங்க."

வெளியே, அப்பாவும் மகளும் கார் வரைக்கும் நடந்தார்கள். அவர் கதவைத் திறந்தபோது மீனலோசனி மெல்லச் சொன்னாள்.

"அம்மாகிட்ட தவளைன்னே இருக்கட்டும்பா, திட்டு எனக்கே விழட்டும். அடுத்த தடவை மட்டும் எலும்பைக் கடையிலயே போட்டுட்டு வாங்க, கார் சீட்டுக்கு அடியில ஒளிச்சு வைக்காதீங்க."