பொன்னாங்கண்ணி மாதிரி ஒன்று

ரேஷ்மி செடியை வேரோடு பிடுங்கித் தண்டைக் கிள்ளிப் பார்த்தாள். உள்ளே வெறும் குழல்.

பூவைப் பார்த்தாள். பொன்னாங்கண்ணிக்குப் பூ கணுவோடு ஒட்டியிருக்கும். இதற்கு நீளமாய் ஒரு காம்பு, அதன் நுனியில் வெள்ளை உருண்டை.

“நாசமாப் போக!” என்று வாய்விட்டே திட்டினாள்.

பொன்னாங்கண்ணியாவது மண்ணாங்கட்டியாவது! இது முதலைக்களை. தென்னமெரிக்காவில் கிடந்த சனியன், சுசீந்திரத்தில் அவள் வயலைத் தேடி வந்து குடியேறியிருக்கிறது. பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துகிறவள், ஊரோடு சேர்ந்து தானும் இத்தனை நாள் கீரை என்று நினைத்துவிட்டாளே, அந்த எரிச்சல் வேறு.

போன ஞாயிற்றுக்கிழமைதான் மடைவாயைச் சுத்தமாக வாரிப் போட்டாள். இன்று மறுபடியும் பச்சை மெத்தை. தண்ணீர் ஏறாமல் பயிர் நுனி கருகி நிற்கிறது. இந்தக் கும்பப்பூ நெல்லும் போனால் வயலை மனை போடுகிறவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று மஸ்கட்டிலிருந்து கொழுந்தன் சொல்லிவிட்டான். புருஷன் அஜின் உயிரோடு இருந்தால் அவனுக்கு இப்படிப் பேச நாக்கு எழும்புமா?

குனிந்து மடைவாயில் ஒதுங்கிக் கிடந்த துண்டுகளை அள்ளினாள். ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வேர் விட்டிருந்தது. இந்தச் செடிக்கு விதை வேண்டாம், ஒரு கணு போதும். துண்டின் நுனியைத் திருப்பிப் பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

தானாக ஒடிந்ததில்லை. அரிவாள் வெட்டு.

யாரோ வேண்டுமென்றே வெட்டி விடுகிறான். யார் என்றும் தெரியும். மேல்வயல் தாணுமாலயன். அஜினுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வந்து, வயலை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்ட மனுஷன். அன்றைக்கு அது அக்கறை என்று நினைத்தாள், முட்டாள்.

துண்டுகளைக் கையில் பிடித்தபடி வரப்பில் விறுவிறுவென்று நடந்தாள். சேற்றில் மாட்டிய செருப்பை உதறி எறிந்தாள். வயசாவது மரியாதையாவது, இன்றைக்கு அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்காமல் விடுவதில்லை.

தாணுமாலயன் முட்டளவு தண்ணீரில், கால்வாய்க்குள்தான் நின்றிருந்தார். கையில் அரிவாள். அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“வா மக்கா. இந்த எழவு உனக்க மடையை அடைச்சிரும்னுதான் அறுத்து அறுத்து ஒழுக்குல விடுதேன், நேரா பழையாத்துக்குப் போயிரும். அஜின் போனதுக்குப் பெறவு ஒரு வாரம் முடக்குனதில்ல. நீ ஒத்தையில என்ன செய்வே?”

அவர் உள்ளங்கையில் கிழிந்த துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம்.

ரேஷ்மி வாயைத் திறந்தாள். கத்தத்தான் திறந்தாள். “அண்ணாச்சி” என்றுதான் வந்தது.

அறுபட்ட தண்டுகள் வரிசையாக அவள் வயலைப் பார்த்து மிதந்துகொண்டிருந்தன.

சேலையோடு தண்ணீருக்குள் இறங்கினாள். இரண்டு கையாலும் துண்டுகளை வாரி வாரி மார்போடு அணைத்தாள். அணைக்க அணைக்க நழுவின. ஆத்திரத்தில் அழுகை வந்தது.

“விடு மக்கா, நீ எதுக்கு நனையுதே?” என்றார் தாணுமாலயன் பதறிப்போய். “தண்ணி கொண்டு போயிரும்.”