பட்டாளத்துப் பூட்டன்

பாரிஸ் லாச்சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் திடீரென்று ஒரு பூட்டன் தேவைப்பட்டார். சும்மா பூட்டன் போதாது. பட்டாளத்தில் இருந்த பூட்டன் வேண்டும்.

மனைவி கோசலைக்கு இது முழுப் பைத்தியமாகத்தான் பட்டது. கடைக் குத்தகை ஜூனோடு முடிகிறது. புதுப்பித்துத் தரமாட்டேன் என்று கட்டடச் சொந்தக்காரர் மொரேல் கையை விரித்துவிட்டார். இரட்டிப்பு வாடகை தர டெலிபோன் கடைக்காரன் ஒருவன் காத்திருக்கிறானாம். இருபது வருடம் இரண்டு பேரும் மாடாய் உழைத்து நிமிர்த்திய கடை. இதை விட்டால் நகருக்கு வெளியே ஸ்தேன் பக்கம் போய் ஈ ஓட்ட வேண்டியதுதான். இந்த லட்சணத்தில் மனிதர் செத்துப்போனவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

தேடுவதற்கு ஆள் வேறு பிடித்திருந்தார். பெயர் செசில், புதுச்சேரிக்காரர். பழைய இராணுவக் காப்பகங்களைத் துருவிப் பரம்பரை கண்டுபிடித்துக் கொடுப்பது தொழிலாம். தொழில் எப்படியோ, வடை தின்பதில் கெட்டிக்காரர்.

“எந்தச் சண்டையிலை நிண்டவராம் இந்தப் பூட்டன்?” கோசலை கேட்டாள்.

“ஆயிரத்தெண்ணூத்து எழுபத்தொண்ணு, மதாம். பாரீசுக்குள்ளயே நடந்த உள்நாட்டுச் சண்டை. தொழிலாளிங்க ஒரு பக்கம், அரசாங்கப் படை ஒரு பக்கம்.”

அந்தச் சண்டை கோசலைக்கு மனப்பாடம். கடைப் பக்கம் வரும்போதெல்லாம் மொரேல் அதைத்தான் சொல்வார். மயானச் சுவரோடு நிறுத்தி வைத்துப் படை சுட்டுக் கொன்ற தொழிலாளிகளில் அவருடைய பூட்டனும் ஒருவராம். ஒவ்வொரு மே மாதமும் அந்தச் சுவருக்கு ஊர்வலம் போகும் சங்கத்துக்கு மொரேல்தான் தலைவர். சிவப்புச் சால்வை போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார். ஏழைகளுக்காக உயிரைவிட்ட பூட்டனை நினைத்துக் கண்கலங்குவார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வாடகையைக் கூட்டுவார்.

கோசலைக்கு எல்லாம் வெளித்துவிட்டது. கட்டடக்காரருக்கு ஒரு வீரப் பூட்டன் இருந்தால் இவருக்கும் ஒருவர் வேண்டும். அதே சுவரில் ஒரு யாழ்ப்பாணத்தாரையும் நிறுத்திவிட்டால் மொரேல் உருகிப்போய்க் குத்தகையை நீட்டிவிடுவார் என்று கணக்குப் போடுகிறார். அதற்கான கள்ளச் சான்றிதழை இந்த வடைதின்னி செய்து கொடுக்கப்போகிறான்.

“எங்கடை ஆக்கள் அப்ப கைதடியிலை புகையிலைக்குத் தண்ணி இறைச்சுக்கொண்டு நிண்டவை. அவைக்குப் பாரிசிலை துவக்கோடை என்ன வேலை?”

செசில் வடையை விழுங்கிவிட்டுச் சிரித்தார். “குடும்பப் பேரு ஒண்ணு இருந்தா போதும், மதாம். நூல் பிடிச்ச மாதிரி நாலு தலைமுறை பின்னால போயிடுவேன்.”

கோசலை இடுப்பில் கையை வைத்தாள். ஆள் வசமாக மாட்டிக்கொண்டான்!

“எங்கடை ஆக்களுக்கு ஏது குடும்பப் பேர்? தகப்பன்ரை பேர்தான் பிள்ளைக்குப் பின்னாலை வரும். அடுத்த தலைமுறையிலை அதுவும் மாறிப்போம். நீங்கள் எந்த நூலைப் பிடிச்சுக்கொண்டு போகப்போறியள்?”

செசில் ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்த்தார். ஸ்ரீஸ்கந்தராசா வெங்காய மூட்டையைப் பார்த்தார்.

“நீர் கொஞ்சம் பேசாமல் இரும்,” என்றார் மனைவியிடம். “உமக்கு ஒரு விசயம் சொன்னால் விடியமுன்னம் செவ்ரான் ஊர் வரைக்கும் போயிடும்.”

கோசலைக்கு அழுகை வந்துவிட்டது. கள்ளக் காகிதம் பிடிபட்டால் கடையும் போய், மனிதரும் உள்ளே போய்விடுவார். பிறகு அவள் யாரிடம் போய் நிற்பது?

மே ஊர்வலத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, ஸ்ரீஸ்கந்தராசாவும் செசிலும் கோட்டு மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

“எங்கை வெளிக்கிட்டியள்?”

“மொரேலிட்டை.”

கோசலை கடையைப் பூட்டிவிட்டு நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். மனிதர் விலங்கில்லாமல் வீடு வந்தால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டாள். விலங்கில்லாமல்தான் வந்தார். கூடவே செசிலும் வந்து, வடை இருக்கிறதா என்று கேட்டார்.

மறுநாள் காலை மொரேலே கடைக்கு வந்தார். கோசலை வாசலுக்கு ஓடினாள். பொலிசும் பின்னால் வருகிறதா என்று தெருவை எட்டிப் பார்த்தாள். பொலிஸ் இல்லை. மொரேல் பூட்டனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டையைப் பற்றியும் பேசவில்லை. கையெழுத்துப் போட்ட குத்தகைப் பத்திரத்தை மேசையில் வைத்தார். ஒன்பது வருடம், அதே பழைய வாடகை. தேநீர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

கோசலை பத்திரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் கேள்வி வந்தது.

“இஞ்சாருங்கோ, உங்கடை பூட்டனை அந்த மனுசன் அப்பிடியே நம்பிட்டாரே? ஒரு கேள்வியும் கேக்கேல்லையே?”

கடையில் ஆள் இல்லையென்று பார்த்துக்கொண்டு ஸ்ரீஸ்கந்தராசா மெதுவாகச் சொன்னார்.

“என்ரை பூட்டனை ஆர் தேடினது? நாங்கள் தேடினது மொரேலின்ரை பூட்டனை. அந்தச் சுவரடியிலை அவர் செத்த ஆளில்லை, கோசலை. சுட்ட ஆள்.”